பெருமூச்சின் விலாசம்

"இந்த a-வுக்கு வால் முளைச்சிருக்கு, ஓகா."

ரலியத் சொன்னதைக் கேட்டு கோர்ட் குமாஸ்தா தலையை நிமிர்த்தினார். "பார்க்கலாம், தடவலாம். காகிதம் மேஜையை விட்டு நகரக் கூடாது. இன்னும் பத்து நிமிஷம்."

"நகராது சார். நான் மூச்சுகூட அந்தப் பக்கமாத்தான் விடறேன்."

ஃபொலாரின் பூதக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு குனிந்தார். இபதான் நகரத்தில் முப்பது வருடம் டைப்ரைட்டர் ரிப்பேர் பார்த்தவர். எந்த மெஷினுக்கு எந்த எழுத்தில் பல் உடைந்திருக்கிறது என்று கேட்டால், பெற்ற பிள்ளைகளின் மச்சத்தைச் சொல்வதுபோல் சொல்வார். மொட்டைக் கடிதம் யார் அடித்தது, ரசீது எங்கே அடித்தது என்று ஆட்கள் கேட்டு வர ஆரம்பித்து, அதுவே தொழிலாகிவிட்டது. ரலியத் அவருடைய உதவியாள்; முதலாளியை ‘ஓகா’ என்றுதான் கூப்பிடுவாள். அதற்கு முன் பத்து வருடம் பஸ் கண்டக்டர். குரலும் வாயும் அந்த வேலையில் கிடைத்தவை.

மேஜைமேல் கிடந்த ஒற்றைக் காகிதம்தான் வழக்கு. நான்கு மாதத்துக்கு முன் இறந்துபோன சாயக்காரர் டுரோடோலா, ஓஜாபாவிலுள்ள தன் வீட்டைத் தம்பி மகன் ஓயெடேஜிக்குக் கொடுத்துவிட்டதாக அது சொன்னது. மூன்று வருடம் முந்தைய தேதி, எண்ணில் இல்லாமல் எழுத்தில். எழுதப்படிக்கத் தெரியாத கிழவரின் பெருவிரல் ரேகை ஈரத்தில் இழுபட்டுப் பூனைக் காலடி போல் இருந்தது. அதைவிடப் பெரிய சாட்சி பக்கம் முழுக்கப் பரவிக்கிடந்தது. எழுத்துகளின் தலையில் கோடுகள், அடியில் புள்ளிகள்.

கோர்ட் வாசலில் மெஷினோடு உட்கார்ந்து ஊராருக்குக் கடிதமும் மனுவும் அடித்துக் கொடுப்பவர்கள் பதினோரு பேர். மற்ற பத்துப் பேர் அடிக்கும் யொருபா மொழி மொட்டையாகத்தான் இருக்கும். மெஷின் இங்கிலீஷ்காரனுக்குச் செய்தது, அதில் கோடும் கிடையாது புள்ளியும் கிடையாது. அஷாபி ஒருத்திதான் பக்கத்தை அடித்து உருவியபின் பேனாவை எடுப்பாள். குரல் ஏறும் இடத்தில் ஏறும் கோடு, இறங்கும் இடத்தில் இறங்கும் கோடு, வாய் அகலும் இடத்திலும் ‘ஷ’ ஒலிக்கும் இடத்திலும் அடிப்புள்ளி. "தலைக்கட்டு கட்டாம என் எழுத்தை வெளிய அனுப்ப மாட்டேன்" என்பாள். ஊர் முழுக்க இது தெரியும்.

அஷாபி இறந்தவரின் மகள். அங்கேதான் சிக்கல்.

"அக்காவே அவங்க கையால அடிச்சுக் கொடுத்த பேப்பர் இது. இப்ப வீடு கைவிட்டுப் போகுதுன்னதும் மறுக்கறாங்க" என்று ஓயெடேஜி கோர்ட்டில் சொன்னான். அஷாபியின் பழைய மெஷின் போன வருடமே பழைய இரும்புக்குப் போய்விட்டது, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அந்த மெஷினைத் தானே பலமுறை பிரித்துப் பூட்டியதாகவும் இது அதன் எழுத்தே இல்லை என்றும் ஃபொலாரின் சொல்லிப் பார்த்தார். கோர்ட் தலைவர் கேட்கவில்லை.

"நீங்க அவ வீட்டுல அமலாக் களி சாப்பிடுறவர். உங்க வாய் வேண்டாம், காகிதமே பேசட்டும். நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் டைம்."

அந்த நாளைதான் இன்று. மணி பத்தரை. இரண்டு மணிக்குள் காகிதம் பேசாவிட்டால் அஷாபியும் அவள் அம்மாவும் வீட்டை இழப்பார்கள். சத்தியம் செய்து பொய் சொன்னாள் என்று வாசல் வரிசையிலிருந்தும் அவளை எழுப்பிவிடுவார்கள்.

"வால் எத்தனை இடத்துல?" என்றார் ஃபொலாரின்.

"அஞ்சு. முதல் நாலு வரிக்குள்ளயே."

"a-வுக்கு அடியில வேற ஒரு எழுத்து இருக்கு. தப்பா அடிச்சுட்டு, பின்னால வந்து அது மேலயே a-வை அடிச்சிருக்கான். அடியில இருக்கறது q."

"நம்ம பாஷையில q-வே கிடையாதே. வெளியூர்க்காரன் எதுக்கு இங்க வந்து படுத்திருக்கான்?"

ஃபொலாரினின் கண்கள் மின்னின. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் அவருக்குப் பசிகூட மறந்துவிடும். "இங்கிலீஷ் மெஷின்ல a எங்க இருக்கோ, அந்த இடத்துல பிரெஞ்சு மெஷின்ல q இருக்கும். ரெண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். இங்க பழகின விரல் அங்க போய் a-வைத் தேடினா..."

"சொந்த வீடுன்னு நெனச்சு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும்."

"அதேதான். நாலு வரியில சுதாரிச்சுட்டான். ஆக, இது எல்லைக்கு அந்தப் பக்கத்து மெஷின். இந்த ஊர்ல நான் பார்க்காத மெஷினாத் தேடிப் பிடிச்சிருக்காங்க." காகிதத்தைக் குப்புறத் திருப்பினார். "கண்ணை மூடிக்கிட்டுப் பின்பக்கம் விரலை ஓட்டு. டிக்கெட் எண்ணின விரல்தானே."

ரலியத் கண்ணை மூடினாள். அடித்த எழுத்துகள் மணல்போல் விரலில் குத்தின. கோடும் புள்ளியும் குத்தவில்லை, அவை பேனா. வரி வரியாக இறங்கினாள். காகிதத்தின் அடி ஓரத்தில் விரல் நின்றது.

"இங்க மட்டும் தலைக்கட்டும் சேர்ந்து குத்துது."

ஃபொலாரின் காகிதத்தைத் திருப்பினார். எல்லாம் முடிந்த இடத்துக்குக் கீழே, தனியாக, மூன்று எழுத்துகள்.

éàè

நேற்று கோர்ட்டில் குமாஸ்தா இதை நீட்டி முழக்கி வாசித்திருந்தார். "ஏ... ஆ... ஏ!" கிழவரின் பெருமூச்சைக்கூட மகள் விடாமல் அடித்திருக்கிறாள் என்று ஓயெடேஜி கண்ணைத் துடைத்தான். பார்க்க வந்த பெண்கள் இரண்டு பேர் அழவும் செய்தார்கள்.

"பக்கம் முழுக்கப் பேனா. பெருமூச்சுக்கு மட்டும் மெஷினா?" என்று முனகினார் ஃபொலாரின்.

*

வாசல் வரிசையில் அஷாபி ஓர் ஆட்டு வியாபாரிக்கு மனு அடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது. இன்று நீலத் தலைக்கட்டை வழக்கத்தைவிட ஒரு சாண் உயரமாகக் கட்டியிருந்தாள். கடைசி வரி முடிந்ததும், வியாபாரியோடு பேசிக்கொண்டே, அடி ஓரத்தில் 311 என்று தட்டி உருவினாள். அது அவளுடைய உரிமத்தின் எண். எழுதத் தெரியாதவருக்கு அடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் அடித்தவரின் எண் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி.

"பாபா, காகிதம் பேசிச்சா?" என்று வந்து நின்ற ஃபொலாரினைக் கேட்டாள்.

"இருமுது. இன்னும் பேசலை" என்றாள் ரலியத்.

அடுத்த மேஜையிலிருந்து பாபா ஒஜெலாபி எழுந்து வந்தார். வரிசையின் மூத்தவர். எல்லோருக்கும் இடம் ஒதுக்குபவர், சண்டை தீர்ப்பவர். வழக்குக் காகிதத்தில் இருப்பவை அஷாபி போடும் குறிகள்தான் என்று கோர்ட் கேட்டபோது சாட்சி சொன்னவரும் அவரே.

"மகளே, கேட்டாங்க, கண்ணுல பட்டதைச் சொன்னேன். மனசுல வச்சுக்காதே. இப்ப உன் நல்லதுக்குச் சொல்றேன். ‘ஆமா, நான்தான் அடிச்சேன்’னு ஒரு வார்த்தை சொல்லிடு. பின்கட்டு அறையில நீயும் அம்மாவும் சாகற வரைக்கும் இருந்துக்கலாம்னு ஓயெடேஜி எழுதித் தர்றான். இதோ, அடிச்சே கொண்டாந்துட்டேன்."

அஷாபி காகிதத்தை வாங்கினாள். ஒரு வரி படித்தாள்.

"இதுல இருக்கறது யாரு?"

"நீதான்."

"இது நான் இல்லை. எங்கப்பா வச்ச பேர்ல குரல் இறங்கி ஏறும். இதுல குரலே இல்லை. பிணத்துக்கு வச்ச பேர் மாதிரி கிடக்கு."

"முப்பது வருஷமா மொட்டையாத்தான் அடிச்சோம். யார் செத்தா?"

"மொட்டையா எழுதினா ஒருத்தியோட புருஷனும் மண்வெட்டியும் ஒரே வார்த்தையாயிடும், பாபா."

"எங்க வீட்டுல ரெண்டும் மூலையிலதான் சாஞ்சு கிடந்துச்சு அக்கா. எனக்கு வித்தியாசமே தெரிஞ்சதில்லை" என்றாள் ரலியத்.

வரிசை சிரித்தது. அஷாபி சிரிக்கவில்லை. காகிதத்தை நான்காக மடித்து ஒஜெலாபியின் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"பின்கட்டு அறையாம்! நான் பிறந்த வீட்டுல எனக்கு விருந்தாளிப் பாய் விரிக்கறானா? ரெண்டு மணிக்குத் தோத்தா மெஷினைத் தூக்கித் தெருவுல வச்சுக்கிட்டு அடிக்கறேன். நான் அடிக்காததை அடிச்சேன்னு மட்டும் சொல்ல மாட்டேன். போய்ச் சொல்லுங்க அவன்கிட்ட."

ஒஜெலாபி தலையை ஆட்டிக்கொண்டே மேஜைக்குத் திரும்பினார். ஃபொலாரின் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டியை எடு, ரலியா. பிரெஞ்சு மெஷின் ஒண்ணு பார்க்கணும்."

*

டூக்பே சந்தையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் மடாம் டோசு, எல்லைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு படிக்கும் போர்ட்டோ நோவோக்காரி. கடையில் மெழுகுச்சாயத் துணிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில் சின்னப் பச்சை மெஷின். அதன் எதிரே உட்கார்ந்து அவள் பொரித்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க மெக்கானிக் பாபா! உங்க ஊர் தலையில்லாத மெஷின் போதும்னு வந்தீங்களா? பாருங்க, எங்க é-க்குத் தனி நாற்காலியே போட்டு வச்சிருக்கு. பேனா எதுக்கு?"

"நாற்காலி இருக்கு மடாம், ஆனா வேலை வேறயாச்சே." ஃபொலாரின் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "எங்களுக்கு அந்தக் கோடு குரலை ஏத்தச் சொல்லுது. பிரெஞ்சுக்காரனுக்குக் குரல் எங்க போனாலும் கவலையில்லை. அவனுக்கு அது வாயை எப்படி வைக்கணும்னு சொல்லுது."

"அதைச் சொல்லுங்க! எங்க வீட்டு பாஷையில கோடுன்னா குரல்தான். ஸ்கூல்ல அதே கோட்டைப் பார்த்துக் குரலை ஏத்தினா, வாத்தியார் வாயிலயே போட்டார். வாயாம் வாய்."

"பிரேசில்லேருந்து வந்த ஒருத்தரோட மெஷினை ஒரு தடவை பிரிச்சேன். அதுல கோடு தனிக் கட்டை. அடிச்சா கோடு விழும், உருளை நகராது. அப்புறம் அடிக்கற எழுத்து அந்தக் கோட்டுக்கு அடியில வந்து நிக்கும்."

"கூரையைப் போட்டுட்டுச் சுவர் கட்டற மாதிரி" என்றாள் ரலியத். அவர் இனி நிறுத்த மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சும்மா இருக்க முடியாமல், தாங்கள் வந்த வெஸ்பாவின் நம்பரை அடித்துப் பார்த்தாள். முதல் எண் இரண்டு. தட்டினாள்.

காகிதத்தில் விழுந்தது é.

"மடாம், உங்க மெஷினுக்குக் கணக்கு வராதா? நான் ரெண்டு அடிச்சா முக்காடு போட்ட e வருது."

மடாம் டோசு வயிறு குலுங்கச் சிரித்தாள். "எங்களுதுல எண்ணெல்லாம் மாடியில இருக்கும்மா. ஷிப்ட் கீயை அழுத்தி ஏறிப் போகணும். அழுத்தாம அடிச்சா கீழ்வீட்டுல இருக்கற எழுத்துதான் வரும்."

ஃபொலாரின் பேச்சை நிறுத்திவிட்டார். ஸ்டூலிலிருந்து மெல்ல எழுந்தார்.

"ரலியா, பூஜ்யத்தை அடி."

à.

"ஏழு."

è.

மூன்று பேரும் காகிதத்தைப் பார்த்தார்கள். கிழவரின் பெருமூச்சு அங்கே கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

"ஐயோ, இதுக்கா ரெண்டு பொம்பளைங்க அழுதாங்க?" என்றாள் ரலியத்.

"அது மூச்சு இல்லை, உரிம எண். இருநூத்தி ஏழு." ஃபொலாரின் தொடையில் தட்டிக்கொண்டார். "பக்கத்தை முடிச்சிருக்கான். வரிசையில உட்கார்றவன் விரல் என்ன பண்ணும்? கேக்காமலே எண்ணைப் போடும். இங்கிலீஷ் மெஷின்ல எண் கீழ்வீடு, ஷிப்ட் வேண்டாம். அந்த ஞாபகத்துல போட்டுடுச்சு."

"q விழுந்தப்ப பார்த்துத் திருத்தினானே, இதைப் பார்க்கலையா?"

"q நம்ம கண்ணுக்கு உறுத்தும். நம்ம வீட்டுல அது கிடையாது. é-யும் à-வும் அப்படியா? நம்ம பிள்ளைங்க மாதிரியே இருக்கு! அதுவும் பக்கம் முழுக்கப் பேனாவால கோடு இழுத்தவனுக்கு, கடைசியில மூணு கோடு ஏற்கெனவே இருந்தா என்ன தோணும்? இங்க போட்டாச்சுன்னு தோணும்."

"இருநூத்தி ஏழு யாரு? குமாஸ்தாகிட்ட பட்டியல் இருக்கே."

"பட்டியலைக் காட்டினா, யாரோ என்னை மாட்டிவிட என் எண்ணைப் போட்டுட்டாங்கம்பான். விரலே கோர்ட்ல வந்து சொல்லணும்." மெஷினைக் கை காட்டினார். "மடாம், இதை ஒரு மத்தியானம் கொடுங்க."

"கீறல் விழுந்தா அந்த வெஸ்பா என்னுது."

கட்டக் கயிறு இல்லை. மடாம் டோசு ஒரு துணியை உதறி, குழந்தையைக் கட்டுவதுபோல் மெஷினை ஃபொலாரினின் முதுகில் இறுகக் கட்டினாள். சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"பிள்ளை அழாம வருது ஓகா, நீங்க அழாதீங்க" என்று ரலியத் வண்டியை மிதித்தாள்.

*

இரண்டு மணிக்குக் கோர்ட்டில் உட்கார இடமில்லை. வரிசைக்காரர்கள் பதினோரு பேரும் வந்திருந்தார்கள். ஓயெடேஜி புது வெள்ளை அங்கியில் முன்பெஞ்சில் இருந்தான். குமாஸ்தாவின் பட்டியலை ஃபொலாரின் பார்த்துவிட்டார், பெயரைத்தான் அவளிடம் சொல்லவில்லை. இருநூற்று ஏழு இவனுடைய ஆள்தான், யாராவது ஒரு கடைக்கோடி ஆளாக இருப்பான் என்று ரலியத் நினைத்துக்கொண்டாள். பெஞ்சுக்கடியில், துணி சுற்றிய மெஷின் அவள் காலடியில் கிடந்தது.

"காகிதம் பேசுமா?" என்றார் தலைவர்.

"பேசும் ஐயா. அதுக்கு முன்னால நேத்திக்குச் சாட்சி சொன்ன பாபா ஒஜெலாபி அதை எழுத்துல கொடுக்கணும். யொருபாவுலயே. அவரோட மெஷின்லயே."

ஒஜெலாபி சம்மதத்தோடு எழுந்தார். மெஷினை வெளியிலிருந்து தூக்கி வந்தார்கள். முப்பது வருட விரல்கள், கோர்ட்டே கேட்கும்படி மழையாகப் பொழிந்தன. ‘அந்தக் குறிகள் அஷாபி போட்டவை என்று சத்தியமாகச் சொல்கிறேன்.’ கடைசியில் சின்னதாக மூன்று தட்டு. உருவி நீட்டினார்.

ஃபொலாரின் அதைக் குமாஸ்தாவிடம் கொடுத்தார். "அடி ஓரத்துல என்ன இருக்கு சார்?"

"இருநூத்தி ஏழு."

ரலியத் ஒஜெலாபியை ஏறிட்டுப் பார்த்தாள். இவரா?

"நான் எண் கேக்கலையே பாபா?" என்றார் ஃபொலாரின்.

"கேக்கணுமா? அது கை வழக்கம்!" கிழவர் பெருமையாகக் கூட்டத்தைப் பார்த்தார். "விதின்னா விதி. பக்கம் முடிஞ்சா எண் தானா விழும். பார்க்கக்கூட வேண்டாம்."

"விரல் தானாவே போட்டுடும்?"

"தூக்கத்துல அடிச்சாலும் போடும்."

"நன்றி பாபா. ரலியா, பிள்ளையை அவிழ்த்து விடு."

துணி விலகியது. பச்சை மெஷினைக் கண்டதும் ஓயெடேஜி பாதி எழுந்தான். ரலியத் அவன் தோளை அழுத்தினாள். "உட்காரு தம்பி. வண்டி இன்னும் நிக்கலை."

ஃபொலாரின் மெஷினைக் குமாஸ்தாவின் முன் வைத்தார். "இது பிரெஞ்சு மெஷின். எண் இருக்கற கட்டையைப் பாருங்க. வேற எதையும் அழுத்தாம ரெண்டு, பூஜ்யம், ஏழு அடிங்க."

குமாஸ்தா ஒற்றை விரலால் அடித்தார். உருவினார். முகம் மாறியது. தலைவரிடம் நீட்டினார். தலைவர் அதை வழக்குக் காகிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் வாய்விட்டு வாசித்தார்.

"ஏ... ஆ... ஏ."

இந்த முறை யாரும் அழவில்லை. நேற்று அழுதவர்களில் ஒருத்தி முதலில் சிரித்தாள். சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போயிற்று. ஓயெடேஜி, "மெஷின் கொண்டாந்தது மட்டும்தான் நான்! அடிச்சதுக்குக் கூலியா வீட்டு முன்கூடத்தைக் கேட்டது இவர்தான்!" என்று கத்தியதில் மிச்சமும் வெளியே வந்தது.

ஒஜெலாபி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அஷாபியின் பக்கம் திரும்பினார். "நீ வந்தப்புறம் என் பக்கத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. ‘கோடு எங்க பாபா, புள்ளி எங்க’ன்னு. நேத்து வந்த பொண்ணைக் காட்டி என்னைக் கேட்டாங்க!"

அஷாபி எழுந்து போய் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாள். வரி வரியாகப் படித்தாள். கோர்ட் காத்திருந்தது.

"எல்லாமே சரியா இருக்கு. ஒரு கோடு தப்பில்லை, ஒரு புள்ளி விட்டுப்போகலை" என்றாள். "இத்தனை தெரிஞ்சவர் முப்பது வருஷம் ஏன் மொட்டையா அடிச்சீங்க, பாபா?"

ஒஜெலாபியையும் ஓயெடேஜியையும் காவலர்கள் அழைத்துப் போனார்கள்.

தலைவர் உத்தரவைச் சொல்லச் சொல்ல, குமாஸ்தா கோர்ட் மெஷினில் அடித்தார். வீடு மகளுக்கு. வரிசையில் அவள் இடம் அவளுக்கு. முத்திரை குத்தி நீட்டினார். அஷாபி கையை நீட்டவில்லை.

"இதுல பேர் மொட்டையா இருக்கு."

"கோர்ட் மெஷின்ல அதெல்லாம் இல்லம்மா."

"உங்க பேனாவுக்கு என்ன காய்ச்சலா?"

"வாங்கிக்கோ அக்கா, வீடு கிடைச்சாச்சு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ரலியத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். குரல் அடங்கிற்று.

தலைவர் தன் பேனாவையே திறந்து அவள் பக்கம் நீட்டினார். "நீயே போட்டுக்கோ."

"மாட்டேன் ஐயா. நான் போட்டா நாளைக்கு இதையும் அவளே போட்டுக்கிட்டாம்பாங்க. நீங்க போடுங்க."

தலைவர் காகிதத்தைத் தன் முன் இழுத்துக்கொண்டார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.

"எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு. மெதுவாச் சொல்லு."

அஷாபி நிமிர்ந்து நின்று தன் பெயரைச் சொன்னாள். குரல் இறங்கியது. பேனா ஒரு கோடு இறக்கிற்று. மறுபடி இறங்கியது. மறுபடி ஒரு கோடு, அடியில் ஒரு புள்ளி. கடைசியில் குரல் ஏறியபோது, பேனாவும் கூடவே ஏறியது.